பழைய வீட்டின் செங்கல் சுவர் நகரும்போது: விரிசலை அடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. வீடு நூறாண்டு கடந்தது; இரண்டு தளங்கள்; 225 மி.மீ. தடிமனுள்ள செங்கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. பக்கச் சுவரில், கீழ்த்தளச் சன்னலின் மேல் மூலையிலிருந்து வீட்டின் மூலையை நோக்கிப் படிப்படியாக ஒரு விரிசல் ஏறுகிறது. சன்னலருகே மயிரிழையாகத் தொடங்கி மேலே போகப் போக 4 மி.மீ. வரை அகல்கிறது. முன் சுவரோ மேல் தளத்தில் வெளிப்புறம் சாய்ந்திருக்கிறது. அங்கே தரைக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி தெரிகிறது. கொத்தனார், விரிசலை வெட்டி அகலமாக்கிச் சிமெண்ட் கலவையால் அடைத்துப் பூசிவிடலாம் என்கிறார். ஒப்பந்தக்காரர், அஸ்திவாரம் முழுவதையும் அடியில் கான்கிரீட் கொடுத்து ஆழப்படுத்த வேண்டும் என்கிறார். இரண்டில் எது சரி என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள் என்பதே என் பதில். சுவர் ஏன் நகர்ந்தது, இன்னும் நகர்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் செய்யப்படும் எந்தப் பழுதுபார்ப்பும் ஊகமாகவே இருக்கும். அதிலும் சிமெண்ட் அடைப்பு சுவருக்குப் புதிய கேட்டைச் சேர்க்கும்.

பொறுத்திருந்து பார்க்கக் கூடாத நிலைகளும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விரிசல் சில நாட்களுக்குள் கண்ணுக்குத் தெரியும்படி அகன்றாலோ, செங்கற்கள் தளர்ந்து உதிர்ந்தாலோ, சன்னலுக்கு மேலுள்ள வளைவின் கற்கள் கீழிறங்கினாலோ, விட்டத்தின் முனை சுவரிலிருந்து கழன்று வெளிவரத் தொடங்கினாலோ, அந்தப் பகுதியை விட்டு உடனே விலகி, முட்டுக் கொடுப்பதற்குக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். உங்கள் விவரிப்பில் இவை எதுவும் இல்லை. ஆனாலும் மேல் தளத் தரையை இன்றே கவனமாகப் பாருங்கள்: மர விட்டங்களின் முனைகள் முன் சுவருக்குள் எவ்வளவு தூரம் நுழைந்து உட்கார்ந்திருக்கின்றன என்பது தெரிந்தாக வேண்டும். சுவர் வெளியே போன அளவுக்கு அந்தப் பிடிமானம் குறைந்திருக்கும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் இயல்பைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். அந்தச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. மண் மெல்ல அசையும்போது அசைவு ஒரே இடத்தில் குவியாமல் நூற்றுக்கணக்கான இணைப்புகளில் சிறிது சிறிதாகப் பகிரப்படும். நுண்ணிய பிளவுகளில் ஈரம் புகும்போது சுண்ணாம்பு சிறிதளவு கரைந்து மீண்டும் படிவதால் அவை தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. அதனால் ஒரு பழைய வீடு தன் வாழ்நாளில் பலமுறை அசைந்து, வளைந்து, மீண்டும் நிலைகொண்டிருக்கலாம். சாய்ந்த தரையையும் கோணிய கதவு நிலையையும் கண்டதும் வீடு விழப்போகிறது என்று அஞ்சத் தேவையில்லை. இத்தகைய சுவரில் சிமெண்ட் கலவையைத் திணித்தால் அந்த இடம் மட்டும் விறைத்துவிடும். அடுத்த அசைவு அந்த விறைத்த பகுதியின் ஓரத்தில் புது விரிசலாக வெளிப்படும். இணைப்பு வழியே போக வேண்டிய பிளவு செங்கல்லையே உடைத்துக்கொண்டு போகும். சுவருக்குள் இருக்கும் ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் செங்கல்லின் முகம் வழியே வெளியேற, அங்கே உப்புப் படிந்து கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சாந்து செங்கல்லைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும் என்பது பழைய கட்டடங்களில் மீறக் கூடாத விதி. கெட்டுப்போனால் சாந்தை மாற்றலாம். செங்கல் கெட்டால் சுவரை மாற்ற வேண்டும்.

இனி உங்கள் விரிசலின் வடிவத்துக்கு வருவோம். இழுவிசை எந்தத் திசையில் உண்டானதோ அதற்குக் குறுக்காகவே செங்கல் கட்டுமானம் பிளக்கும். சாய்ந்து செல்லும் விரிசலுக்குச் செங்குத்தாக, கீழ்நோக்கி ஒரு கோடு வரைந்தால், அது பெரும்பாலும் இறங்கிய பகுதியைக் காட்டும். உங்கள் சுவரில் அந்தக் கோடு வீட்டின் மூலைக்கு அடியில் போய் நிற்கிறது. மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது: மூலை இறங்கி, சற்றே வெளிப்புறம் திரும்பும்போது விரிசலின் மேல் வாய்தான் அதிகம் திறக்கும். சுவரின் நடுப்பகுதி இறங்கி இரு முனைகளும் நின்றிருந்தால் அகலம் கீழே கூடுதலாக இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள செங்குத்து விரிசல் பெரும்பாலும் வெப்பத்தால் விரிந்து சுருங்குவதைக் குறிக்கும். அல்லது வேறு வேறு காலத்தில் கட்டிய இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் விடப்பட்டதைக் குறிக்கும். ஒரே மட்டத்தில் கிடையாக ஓடும் விரிசலைக் கண்டால் சுவருக்குள் புதைந்திருக்கும் இரும்பையோ உளுத்த மரச் சட்டத்தையோ தேட வேண்டும். துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைப் போலப் பல மடங்கு ஊதும். மேலே எத்தனை செங்கல் வரிகள் இருந்தாலும் அவற்றை அது தூக்கிவிடும். விரிசலின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். ஓரங்கள் மழுங்கி, உள்ளே அழுக்கும் பழைய வண்ணமும் படிந்திருந்தால் அது பல ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த கதை. ஓரங்கள் கூர்மையாக, உடைப்பு புதிய செங்கல் நிறத்தில் இருந்தால் அண்மையில் திறந்தது.

அகலம் எவ்வளவு கவலைக்குரியது என்பதற்கு, பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோல் பல நாடுகளிலும் பயன்படுகிறது. 0.1 மி.மீ.க்குக் குறைந்தது மயிரிழை, 1 மி.மீ. வரை மிகச் சிறியது, 5 மி.மீ. வரை சிறியது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. உங்கள் 4 மி.மீ. 'சிறியது' என்ற வகைக்குள் வருகிறது. ஆனால் இந்த அளவுகோல் சேதத்தை எளிதாகச் சீராக்க முடியுமா என்பதை மட்டுமே சொல்கிறது. சேதம் வளர்கிறதா என்பதைச் சொல்லாது. பத்தாண்டுகளாக அசையாத 12 மி.மீ. விரிசலைவிட, மூன்று மாதத்தில் 1 மி.மீ.இலிருந்து 4 மி.மீ. ஆன விரிசல் அதிகக் கவலைக்குரியது.

ஆகவே அளக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கிடைக்கும் பயனோ வேறெதிலும் இல்லாதது. விரிசலின் இருபுறமும் செங்கல்லில், சாந்தில் அல்ல, சிறிய துருவில்லாத திருகுகளைப் பதித்து, அவற்றின் தலைகளுக்கு இடையேயுள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளவெடுங்கள். ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாக மூன்று திருகுகளை முக்கோணமாக வைத்தால், விரிசல் அகல்வதையும் மேலும் கீழுமாக நழுவுவதையும் தனித்தனியே கணக்கிடலாம். ஒன்றின்மேல் ஒன்று படியும் இரண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளில் மில்லிமீட்டர் கட்டங்கள் அச்சிட்ட அளவிகளும் கிடைக்கின்றன. கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்து அது உடைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். உடைந்தது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. உடையாமல் ஒட்டு மட்டும் விட்டுவிட்டால் அதையும் சொல்லாது. மாதம் ஒருமுறை, கூடியவரை ஒரே வேளையில், அளவையும் வெப்பநிலையையும் அண்மையில் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். குறைந்தது ஓர் ஆண்டு, அதாவது வறட்சியும் ஈரமுமான ஒரு முழுச் சுற்று, கடக்க வேண்டும். வறண்ட காலத்தில் திறந்து ஈரக் காலத்தில் மூடும் விரிசல் களிமண் சுருங்கி விரிவதைக் காட்டுகிறது. பருவத்தைப் பொருட்படுத்தாமல் ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால், அடியில் மண் போய்க்கொண்டிருக்கிறது. ஏறவும் இறங்கவும் இல்லாமல் கோடு நேராக நின்றால், வேலை பாதி முடிந்தது.

அளந்துகொண்டிருக்கும்போதே மண்ணுக்குக் கீழே பார்க்கலாம். மூலை இறங்கியது என்றதும் நான் முதலில் கேட்பது, கூரை நீர் எங்கே இறங்குகிறது, கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்பதைத்தான். பழைய வீடுகளில் மழைநீர்க் குழாய் பெரும்பாலும் மூலையில்தான் இறங்கும். அதன் அடியில் இருக்கும் சுட்ட மண் குழாயின் இணைப்பு விட்டுப்போனால், ஒவ்வொரு மழையும் மணலின் நுண்துகள்களை அரித்துக்கொண்டு போகும், அல்லது களியைக் குழைத்து மென்மையாக்கும். குழாயின் கீழ்முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவான விடை தரும். அதோடு, பொறியாளரின் மேற்பார்வையில் மூலையருகே ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள். பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும், படிப்படியாக அகன்று போகும் சில செங்கல் வரிகள் மட்டுமே. அது எந்த ஆழத்தில் எந்த மண்ணில் நிற்கிறது, மண் ஊறியிருக்கிறதா, வேர்கள் இருக்கின்றனவா என்பது அந்தக் குழியில் தெரியும்.

அருகில் பெரிய மரம் இருந்தால் அதன்மேல் பழிபோட்டு உடனே வெட்டிவிடாதீர்கள். களிமண்ணிலிருந்து ஆண்டுக்கணக்காக நீரை உறிஞ்சிவந்த மரம் இல்லாமல் போனால், அந்த மண் மெல்ல மெல்ல ஈரமேறி விரிந்து, அஸ்திவாரத்தை மேல்நோக்கித் தள்ளும். இது பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. இறக்கத்தைவிடச் சரிசெய்யக் கடினமானது. கிளைகளைக் குறைத்து மரத்தின் நீர்த்தேவையை மட்டுப்படுத்துவதா, வேர்த்தடுப்பு வைப்பதா என்பதை மண்ணின் தன்மை தெரிந்தபின் முடிவு செய்யலாம்.

அஸ்திவாரத்தை ஆழப்படுத்துவது பற்றி உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னதற்கும் பதில் தர வேண்டும். அது மோசமான முறையன்று, கடைசி முறை. சுவரின் அடியில் ஏறத்தாழ 1 முதல் 1.2 மீட்டர் நீளமுள்ள துண்டுகளாக, அடுத்தடுத்த இரண்டு துண்டுகள் ஒரே நேரத்தில் திறந்திராதபடி வரிசை மாற்றித் தோண்டி, உறுதியான மண் வரை கான்கிரீட் இட்டு, அது இறுகியபின் அதற்கும் பழைய அடித்தளத்துக்கும் இடையே விட்ட சிறு இடைவெளியில் ஈரம் குறைந்த கலவையை இடித்து நிரப்புவார்கள். இந்த இடித்து நிரப்பும் வேலை சரியில்லை என்றால் சுவர் புதிய அஸ்திவாரத்தின்மேல் உட்காரும்போது மீண்டும் இறங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு மூலையை மட்டும் ஆழமான மண்ணில் அசையாமல் நிறுத்திவிட்டு, மற்றப் பகுதி பழையபடி பருவத்தோடு ஏறி இறங்கினால், இரண்டும் சேரும் இடத்தில் புதிய விரிசல் உறுதி. கசிவே காரணம் என்று தெரிந்து, குழாயைச் சீராக்கி, மண் தன் ஈரநிலைக்குத் திரும்பிய பிறகு பெரும்பாலான மூலைகள் மேலும் இறங்குவதில்லை. அளவுகள் ஓராண்டுக்குப் பிறகும் ஒரே திசையில் கூடினால் மட்டுமே இந்த வேலையைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் பொறியாளரின் வரைபடமின்றிக் கடப்பாரை மண்ணில் இறங்கக் கூடாது.

முன் சுவரின் சாய்வு வேறு நோய். மூலை இறங்கியதோடு அதற்குத் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம். செங்கல் சுவர் தன் எடையால் நிற்பது. பக்கவாட்டில் அதைப் பிடித்திருப்பவை தரை விட்டங்களும் கூரையும் குறுக்குச் சுவர்களும்தான். விட்டங்கள் முன் சுவருக்கு இணையாக ஓடினால் அந்தச் சுவரை இரண்டு தளங்களின் உயரத்துக்கும் தரை விட்டம் எதுவும் பிடித்திருக்காது. விட்டங்கள் சுவருக்குள் நுழைந்திருந்தாலும் முனைகள் ஈரத்தில் உளுத்துப்போயிருந்தால் அதே கதிதான். மேலே கூரையையும் பாருங்கள்: சாய்கூரையின் இரு கைமரங்களையும் அடியில் இணைக்கும் குறுக்கு விட்டத்தை, இடத்துக்காக யாரேனும் அறுத்திருந்தாலோ, பழைய மேலோட்டை எடுத்துவிட்டுக் கனமானதைப் போட்டிருந்தாலோ, கைமரங்கள் கால் விரித்துச் சுவரின் தலையை வெளியே தள்ளும். தூக்குக் குண்டு கட்டி, ஒவ்வொரு அரை மீட்டர் உயரத்திலும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை எழுதினால், சுவர் அடியிலிருந்தே சாய்கிறதா, நடுவில் பிதுங்குகிறதா, தலை மட்டும் போயிருக்கிறதா என்பது தெளிவாகும். நூற்றில் ஒரு பங்கு சாய்வு, அதாவது 3 மீட்டருக்கு 30 மி.மீ., கண்ணுக்கே தெரியும். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு: சுவரில் இழுவிசை தோன்றாதிருக்க, மேலிருந்து வரும் எடையின் கோடு தடிமனின் நடு மூன்றில் ஒரு பகுதிக்குள் விழ வேண்டும். உங்கள் 225 மி.மீ. சுவரில் அந்தப் பகுதி 75 மி.மீ. அகலம்தான், மையத்திலிருந்து இருபுறமும் 37 மி.மீ.யை ஒட்டியே இடமுண்டு.

இதற்கான மருந்து, சுவரைத் தரையோடும் கூரையோடும் கட்டிப்போடுவது. இணையாக ஓடும் விட்டங்களுக்குக் குறுக்கே, குறைந்தது மூன்று விட்டங்களையாவது தாண்டிச் செல்லும் துருவில்லாத எஃகுப் பட்டைகளை, 2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் திருகி, விட்டங்களுக்கு இடையே கட்டை கொடுத்து, மறுமுனையைச் சுவரில் நங்கூரமிட வேண்டும். சாய்வு கூடுதலாக இருந்தால் சுவரின் வெளிமுகத்தில் அகலமான தகடு வைத்து, தரையின் ஊடாக எதிர்ச் சுவர் வரை கம்பி இழுத்து இறுக்குவது நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள முறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசின் கலை, தொழில் கல்வி நிலையக் கட்டடத்தில் வெளியே சாய்ந்த சுவர்களை மோலார் என்பவர் இப்படித்தான் உள்ளிழுத்தார்: இரும்புக் கம்பிகளில் பாதியைச் சூடாக்கி நீளச் செய்து, மரைகளை முடுக்கி, அவை குளிர்ந்து சுருங்கும்போது சுவர் நெருங்க, பிறகு மறுபாதியைச் சூடாக்கி, இவ்வாறே மாறி மாறிச் செய்தார். வியப்பான வேலைதான்; ஆனால் உங்கள் வீட்டில் யாராவது சுவரை நேராக நிமிர்த்தித் தருகிறேன் என்று வந்தால் மறுத்துவிடுங்கள். சாய்ந்த சுவருக்கு ஏற்பத் தரையும் கூரையும் உட்காரப் பழகிவிட்டன. இணைப்புகளில் சாந்துத் துகள்கள் விழுந்து நிரம்பியிருக்கின்றன. இருக்கும் நிலையில் பிடித்து நிறுத்துவதே போதுமானது, பாதுகாப்பானதும்கூட. வெளிமுகம் மட்டும் பிதுங்கி, தட்டினால் பொள்ளலாக ஒலித்தால், சுவரின் உள், வெளி அடுக்குகளைப் பிணைத்த குறுக்குக் கற்கள் முறிந்திருக்கலாம். அப்போது இரண்டு அடுக்குகளையும் தைக்கும் துருவில்லாத முறுக்குக் கம்பிகளும், கீழிருந்து மேலாகச் சிறு சிறு உயரங்களில் ஊற்றும் சுண்ணாம்புக் குழம்பும் தேவைப்படும்.

இவையெல்லாம் முடிந்து, அளவுகள் நிலைத்த பிறகுதான் விரிசலின் முறை வருகிறது. உடைந்த செங்கற்களைக் கவனமாகக் குடைந்தெடுத்து, அதே அளவும் அதே மென்மையும் உள்ள பழைய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பொருத்தி, இருபக்க வரிகளோடும் பல்லாகக் கோத்துக் கட்டுவதே எனக்குப் பிடித்த முறை. அது சுவரைச் சுவராலேயே தைக்கிறது. இணைப்புகளில் மட்டும் ஓடும் விரிசலுக்கு, பழைய சாந்தை 20 முதல் 25 மி.மீ. ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டியெடுத்து, தூசு போகக் கழுவி, நனைத்து, புதிய சாந்தை இறுக்கி அழுத்தினால் போதும். சுழலும் வெட்டுத் தகடு செங்கல்லின் விளிம்பைத் தின்றுவிடும், அதை அனுமதிக்காதீர்கள். ஹைட்ராலிக் சுண்ணாம்பு எனப்படும், நீரோடு சேர்ந்து இறுகும் வகையில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கூரிய மணல் என்பது பொதுவான தொடக்கம்; செங்கல் மிக மென்மையாக இருந்தால் சுண்ணாம்பின் வகையையும் மென்மையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடும் வெயிலிலும் உறைபனியிலும் இந்த வேலை கூடாது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாட்கள் மெல்ல உலரவிட வேண்டும். விரைந்து காய்ந்த சுண்ணாம்பு மாவாக உதிரும்.

இணைப்புகளுக்குள் எஃகுக் கம்பி பதிக்கும் முறையை இப்போது பலரும் பரிந்துரைக்கிறார்கள். 6 மி.மீ. முறுக்குக் கம்பியை, விரிசலின் இருபுறமும் குறைந்தது 500 மி.மீ. நீளும்படி, ஏறத்தாழ 450 மி.மீ. உயரத்துக்கு ஒன்றாக, கிடை இணைப்புகளில் பதித்துச் சிறப்புக் கலவையால் நிரப்புவார்கள். மூலையை ஒட்டிய விரிசலில் கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள்ளும் கொண்டுபோக வேண்டும். உங்கள் விரிசலுக்கு இது பொருந்தும். காரணம் தீர்ந்தபின், அந்த இடத்தில் சுவர் ஓர் உத்தரம் போல வேலை செய்ய வேண்டிய தேவை இருந்தால், இது நல்ல முறை. காரணம் தீராமல் பதித்தால், அசைவு கம்பி முடியும் இடத்துக்கு நகர்ந்து அங்கே பிளக்கும். மேலும் இந்தக் கம்பிகளைச் சூழும் கலவை சிமெண்ட் சார்ந்தது, கடினமானது. மென்மையான பழைய செங்கல்லில் அதைக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். இந்த வாரமே திருகுகளைப் பதித்து முதல் அளவை எழுதுங்கள், தூக்குக் குண்டு கட்டுங்கள், விட்டங்களின் முனைகளைப் பாருங்கள். மழைநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் சோதித்து, கசிவு இருந்தால் உடனே சீராக்குங்கள். அதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. முன் சுவரை மேல் தளத்தோடும் கூரையோடும் பிணைக்கும் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். பழைய கட்டடங்களில் பழகிய கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை, வேலையை ஒப்பந்தம் எடுக்காதவராகப் பார்த்து அமர்த்தி, அவருடைய கணக்கின்படி அதைச் செய்யுங்கள். பக்கச் சுவரின் விரிசல் அளவுகள் நிலைக்கும்வரை காத்திருக்கட்டும். அதுவரை மழைநீர் உள்ளே புகாமலிருக்க, எளிதில் எடுத்துவிடக்கூடிய மென்மையான சுண்ணாம்புச் சாந்தால் வாயை மட்டும் மூடிவையுங்கள். உட்புறப் பூச்சையும் வண்ணத்தையும் எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அளவுத் திருகுகளை அதன் பிறகும் அடுத்த வறண்ட காலம் முடியும்வரை அகற்றாமல் விட்டு, மாதந்தோறும் அளந்து வாருங்கள்.